முதலில் அளவு சொல்பவர்

மாத்தளை
14.1.1965

அன்புத் தம்பி மக்கீனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நோன்பும் கடையுமாக நாள் ஓடுகிறது. நானும் உன் மதினி ஸுபைதாவும் சுகம். ஆஸ்பத்திரிக் குவாட்டர்ஸில் விடியுமுன் ஸஹருக்கு என்ன தின்கிறாயோ என்று அவளுக்குக் கவலை. எனக்கில்லை. நீ சின்னதிலிருந்தே கிடைத்ததைத் தின்கிற ஆள்.

விஷயத்துக்கு வருகிறேன். மகள் நூருன்னிஸாவின் பிள்ளை ஹிதாயாவுக்கு இப்போது நாலு மாதம். ஏழாம் நாள் முடி இறக்கும்போதே ஒஸ்தா கத்தியை நிறுத்திவிட்டு, "முதலாளி, நடுமண்டையில வரம்பு மாதிரி ஒண்ணு தட்டுது, தடவிப் பாருங்க" என்றார். தடவினேன். தட்டியது. மருத்துவிச்சி நோனா, "குளிக்க வாக்கிறப்போ நான் புடிச்சு விடுறேன், ஒரு மாசத்துல உருண்டையாகிடும்" என்றாள். அவளும் பிடித்துப் பார்த்தாள். தலை உருளவில்லை, மேலே மேலே உயர்கிறது. இப்போது கண் இரண்டும் வெளியே தள்ளி நிற்கின்றன. நேற்று இங்கே டாக்டரிடம் காட்டினோம். மண்டையோட்டு மூட்டுகள் முந்திக்கொண்டு ஒட்டிவிட்டன, கொழும்புக்குக் கொண்டுபோய் மண்டையைத் திறந்து பிரிக்க வேண்டும் என்று சொல்லித் துண்டு எழுதித் தந்தார்.

நூருன்னிஸா அந்தத் துண்டை மடித்துத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறாள். மருமகன் ஸமத் தன் உம்மாவிடம் யோசனை கேட்கக் கலேவெலைக்குப் போயிருக்கிறான். அங்கிருந்து ஒரு போத்தல் எண்ணெய்தான் வரும்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நவம்பரில் வந்தபோது பிள்ளையைத் தூக்கினாய். உள்ளங்கையைத் தலையில் வைத்தாய். அதற்குப் பிறகு புரியாணியை இரண்டாம் தரம் வாங்கவில்லை. அப்போதே தெரிந்ததா? சண்டை பிடிக்க எழுதவில்லை. மயக்க மருந்து கொடுத்துக்கொண்டு அந்த அறையில் நிற்கிறவன் நீ. எவ்வளவு ஆபத்து என்று வளைக்காமல் எழுது.

வஸ்ஸலாம்.
உன் நானா,
லாபிர்


கொழும்பு
20.1.1965

மதிப்புக்குரிய நானாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

நான் சுகமாக இருக்கிறேன். ஸஹருக்குப் பாணும் வாழைப்பழமும் போதும், மதினியிடம் சொல்லுங்கள்.

குழந்தையின் மண்டையோடு ஒரே எலும்பல்ல, பல துண்டுகள். மூளை வளர வளர, துண்டுகளுக்கு நடுவேயுள்ள மூட்டுகள் இடம் கொடுக்கும். ஹிதாயாவுக்கு இரண்டு மூட்டுகள் ஒட்டியிருக்க வேண்டும். நெற்றிக்கு மேலே குறுக்கே ஓடுவது ஒன்று, நடுமண்டையில் நெடுக ஓடுவது மற்றது. இடமில்லாமல் மூளை நெருக்கப்பட்டால் முதலில் பார்வை போகும். எண்ணெயாலும் பிடித்துவிடுவதாலும் அது பிரியாது. ஒட்டிய இடத்தில் எலும்பைக் கீற்றாக வெட்டி எடுப்பார்கள். மூளையைத் தொடுவதில்லை.

ஆபத்து இரத்தத்தில் இருக்கிறது. அவளுடைய உடம்பிலுள்ள இரத்தம் எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு பைண்ட் பால் போத்தல் நிரம்பாது. தலைத்தோலும் மண்டையெலும்பும் விடாமல் கசியும். உங்களுக்கோ எனக்கோ போனால் உணரக்கூட மாட்டாத அளவு, அவளுக்கு உயிர். போனது எவ்வளவு என்று பார்த்து அதே அளவைத் திருப்பிக் கொடுப்பது என் வேலை. குறைத்துக் கொடுத்தால் இதயம் நிற்கும். கூட்டிக் கொடுத்தால் நெஞ்சு நிறைந்து மூச்சு முட்டும்.

இரத்தம் ஒற்றும் கோஸ் துணியை நனையுமுன் நிறுக்கிறோம், நனைந்தபின் நிறுக்கிறோம். கூடின எடைதான் இரத்தம். குழாயால் உறிஞ்சுவது அளவு கீறிய போத்தலில் விழும். விரிப்பில் ஊறுவதையும் கையுறையில் ஒட்டுவதையும் தரையில் சொட்டுவதையும் நிறுக்க முடியாது. அதைக் கண்ணால் மதிக்கிறோம்.

நவம்பரில் எனக்குப் பசி இருக்கவில்லை.

துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.
மக்கீன்


மாத்தளை
27.1.1965

தம்பிக்கு ஸலாம்.

வீட்டில் மற்றவர்கள் சுகம். பிள்ளை குடித்த பாலைக் கக்குகிறது.

நிறுக்கிற கதை எனக்கு நன்றாக விளங்கிற்று. அதுதானே என் பிழைப்பு. 'கண்ணால் மதிக்கிறோம்' என்ற இடத்தை மட்டும் மூன்று தரம் வாசித்தேன். கண்ணால் மதிப்பதும் என் பிழைப்புத்தான், அது எவ்வளவு பொல்லாதது என்று எனக்குத் தெரியும்.

கராம்பு மொட்டாய் நிற்கும்போதே தோட்டத்து மரங்களை மொத்தமாய் விலை பேசி எடுக்கிறோம். காய்ந்த பிறகு சாக்கில் எத்தனை அந்தர் எடை விழும் என்று கீழே நின்று பார்த்தே சொல்ல வேண்டும். எல்கடுவை இராமசாமி என்று ஒருவனை இதற்குக் கூட்டிக்கொண்டு திரிகிறேன். போன போகத்தில் ஒரு தோட்டத்துக்காரர் நாங்கள் அண்ணாந்து பார்க்குமுன்னே, "நாலு அந்தர் தேறும்" என்றார். நான் பார்த்தேன், நாலு அந்தர். இராமசாமி பார்த்தான், அவனுக்கும் நாலு அந்தர். பறித்துக் காயவைத்தால் மூன்றுகூட இல்லை.

"எப்படிடா ரெண்டு பேருக்கும் கண்ணு கெட்டுச்சு?" என்றேன்.

"கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு மொதலாளி. நாம மரத்தப் பாக்கல, அந்த ஐயா வாயப் பாத்துக்கிட்டு நின்னோம்."

"நீயாவது சொல்லியிருக்கலாமே."

"நீங்களே நாலுன்னு சொன்னப்புறம் நான் மூணுன்னு சொல்லி, மத்தியானச் சோத்துக்கு எங்க போக?"

ஆகவே கேட்கிறேன். அந்த அறையில் வெட்டுகிறவர் ஒருவர், இரத்தம் கொடுக்கிறவன் நீ. வெட்டுகிறவருக்கு வேலை முடிய வேண்டும். 'அதிகம் போகவில்லை' என்றுதான் அவருக்குத் தோன்றும். என்னிடம் மிளகு விற்க வருகிறவன் எவனும் சரக்கில் ஈரம் இருக்கிறது என்று சொன்னதில்லை. அவர் பெரியவர், நீ சின்னவன். முதலில் அளவைச் சொல்வது யார்?

இன்னொன்று. இந்த வயதுப் பிள்ளைக்கு இந்த வேலையை உன் கை எத்தனை தரம் செய்திருக்கிறது? எப்படி முடிந்தது?

உன் பதில் வரும்வரை ஸமதை எண்ணெயோடு நிறுத்தி வைத்திருக்கிறேன்.

நானா,
லாபிர்


கொழும்பு
8.2.1965

நானாவுக்கும் மதினிக்கும் பிள்ளைகளுக்கும் பிந்திய பெருநாள் வாழ்த்து. ஸலாம்.

வேலை நெருக்கத்தால் பதில் சுணங்கிவிட்டது. மன்னிக்கவும். சத்திரசிகிச்சை செய்யும் பெரிய டாக்டரிடம் பேசினேன். ஏப்ரல் முதல் வாரத்தில் செய்யலாம் என்கிறார். இரண்டு மூட்டுகளையும் ஒரே அமர்வில் பிரிப்பது அவருடைய எண்ணம்.

அதுவரை ஹிதாயா எடை ஏற வேண்டும். எடையை வைத்துத்தான் அவளுக்கு எவ்வளவு இரத்தம் இருக்கிறது, எவ்வளவு போகலாம் என்று கணிக்கிறோம். பதின்மூன்று இறாத்தலுக்குக் கீழே இருந்தால் தள்ளிப்போடச் சொல்வேன். வாரம் ஒரு தரம் நிறுத்து, ஒரு தபாலட்டையில் எழுதி அனுப்புங்கள். இதோடு வருகிற இரும்புச்சத்துச் சொட்டு மருந்தைக் கொடுங்கள். மலம் கறுப்பாய்ப் போகும், பயப்பட வேண்டாம் என்று நூருன்னிஸாவிடம் சொல்லுங்கள்.

இரத்த வங்கிக்கு இரண்டு மூன்று பேர் வந்து கொடுத்தால் போதும். பள்ளிவாசல் ஜமாஅத்தையே பஸ் பிடித்து அனுப்பிவிடாதீர்கள்.

உங்கள் மற்றக் கேள்விகள் நியாயமானவை.

தங்கள் அன்புள்ள,
மக்கீன்


மாத்தளை
14.3.1965

தம்பிக்கு,

ஸலாம். நாங்கள் இருக்கிறோம்.

ஒரு மாதத்துக்கு மேல் உன் எழுத்து இல்லை. நான் வாரா வாரம் அட்டை போடுகிறேன். எடை பதின்மூன்றுக்கு வந்துவிட்டது என்று எழுதியும் இரண்டு வரி வரவில்லை. தேர்தல் ஒலிபெருக்கி காலையில் தொடங்கினால் பிள்ளை வீறிட்டு அழுகிறது, தலையை ஒரு பக்கமாய்ச் சாய்த்துக்கொள்கிறது. நூருன்னிஸா அதைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கும் வீட்டுக்கும் நடக்கிறாள். நான் சாமானை நிறுத்துவிட்டு எவ்வளவு என்று மறந்து திரும்ப நிறுக்கிறேன்.

'நியாயமான கேள்விகள்' என்று எழுதி, அதோடு ஒப்பமும் வைத்தாய். கேள்வியைப் புகழ்ந்துவிட்டுப் பதிலைத் தராதவனிடம் நான் சரக்கு வாங்குவதில்லை.

போன வாரம் மிளகு பார்க்கக் கலேவெலைச் சந்தைக்குப் போனேன். அங்கே மரக்கறிக் கடை கணபதி நெடுநாள் பழக்கம். பேத்திக்கு இப்படி என்று சொன்னேன். கையிலிருந்த பூசணித் துண்டைக் கீழே வைத்துவிட்டான்.

"போன வருஷம் எங்க புள்ளைக்கும் அதேதான் நானா. கொழும்புக்குத்தான் கொண்டு போனோம். திரும்பி வரல."

"என்னவாம்?"

"ரத்தம் போயிருச்சாம். எவ்வளவு போச்சுன்னு கடைசியிலதான் தெரிஞ்சிச்சாம். மயக்கம் குடுத்த டாக்டர் வெளிய வந்து எங்க சம்சாரம் முன்னால நின்னாரு. என்னமோ சொல்ல வாயெடுத்தாரு, சொல்லல. போயி ஒரு கிளாஸ்ல தண்ணி கொண்டாந்து குடுத்தாரு. முஸ்லிம் ஆளு. மாத்தளைப் பக்கம்னு யாரோ சொன்னாங்க."

அது நீயா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நீ பொய் சொல்லமாட்டாய். அதனால்தான் கேட்கவில்லை.

ஆனால் இந்தப் பிள்ளையை யார் கையில் கொடுப்பது என்று எனக்குத் தெரிய வேண்டும். அதை மட்டும் எழுது.

லாபிர்


கொழும்பு
19.3.1965

நானாவுக்கு ஸலாம்.

உங்கள் கடிதத்தை வாசித்தேன். கணபதியின் மனைவி எப்படி இருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை.

இந்த மாதம் முழுவதும் சும்மா இருக்கவில்லை. தியேட்டர் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டச் செய்திருக்கிறேன். தாதி இலட்சுமி ஒவ்வொரு துணியையும் காயுமுன் நிறுத்துப் பலகையில் எழுதுவாள். அவள் எழுதுமுன் அந்த அறையில் யாரும் வாயால் அளவு சொல்லக்கூடாது. வெட்டுகிறவரும் சொல்லக்கூடாது, நானும் சொல்லக்கூடாது. கணுக்கால் இரத்த நாளத்தில் குழாயை ஏற்றி, கத்தி படுமுன்னே இரத்தம் உள்ளே ஓடத் தொடங்கியிருக்கும். பலகையில் ஒரு கோடு கீறுவேன். தொகை அதைத் தொட்டால் கத்தி நிற்க வேண்டும். பெரிய டாக்டர் சம்மதித்தார். உடனே இல்லை.

யார் கையில் என்று கேட்டீர்கள். என்னைவிட மூத்த டாக்டர் ஒருவர் இங்கே இருக்கிறார். நல்லவர், நிதானமானவர். சொந்தக்காரருக்கு நாங்களே மயக்கம் கொடுப்பது வழக்கமுமில்லை. அவரிடம் கொடுக்க விரும்பினால் நானே பேசித் தருகிறேன். மனம் நோகமாட்டேன்.

என்னிடம்தான் என்றால், நீங்கள் கொழும்புக்கு வராதீர்கள். கதவுக்கு வெளியே நீங்கள் நின்றால் உள்ளே நான் தம்பியாகிவிடுவேன். அது பிள்ளைக்கு நல்லதில்லை.

மக்கீன்


மாத்தளை
25.3.1965

தம்பி மக்கீனுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். தேர்தல் முடிந்தது, ஊர் வாய் மூடியது. வீடு மூடவில்லை.

உன் கடிதத்தை எல்லாரையும் உட்காரவைத்து வாசித்தேன். கணபதி சொன்னதையும் சொன்னேன். மறைத்துக் கொடுத்தால் பிறகு என் முகத்தில்தான் வந்து விழும். ஸமத் எழுந்து நின்றுவிட்டான்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. எங்க உம்மாவுக்கு இது தெரிஞ்சா புள்ளய வாசல் தாண்ட விடமாட்டா. அந்த மூத்த டாக்டரே செய்யட்டும்."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. உன்னிடம் எதற்கு ஒளிக்க? சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். நூருன்னிஸா பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த மூத்த டாக்டர் ஒரு புள்ளயையும் போகவிடாதவரா வாப்பா?"

"அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்?"

"அப்ப அவருக்கு எங்க பயப்படணும்னு தெரியுமோ தெரியாதோ. சாச்சாவுக்குத் தெரியும். நான் சாச்சாகிட்டத்தான் குடுப்பேன்."

ஸமத் திரும்ப உட்கார்ந்துவிட்டான். பெற்றவள் சொன்னால் நான் என்ன, ஸமத் என்ன.

ஏப்ரல் நாலாம் திகதி ஸமதும் அவளும் உன் மதினியும் பிள்ளையோடு வருகிறார்கள். இரத்தம் கொடுக்க ஸமதும் இராமசாமியும். "என் ரத்தம் உள்ள போச்சுன்னா புள்ள நடக்கிறதுக்கு மொதல்ல கராம்பு மரத்துல ஏறிரும், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது" என்கிறான் இராமசாமி. எடை நேற்றும் பதின்மூன்று, என் தராசில்.

நான் வரவில்லை. நீ சொன்னபடி.

நானா


கொழும்பு
6.4.1965

மதிப்புக்குரிய நானாவுக்கு ஸலாம்.

எல்லாரும் சுகமாக வந்து சேர்ந்தார்கள். மதினி வார்டில் பாதிப் பேருக்கு உறவாகிவிட்டார்.

தாதி இலட்சுமி நேற்று ஹிதாயாவை நிறுத்தாள். நிறுக்குமுன் வெள்ளி அரைஞாண், கால் தண்டை, கை வளையல், கழுத்திலிருந்த இசிம் தாயத்துக் கூடுகள் மூன்று, சுற்றியிருந்த கம்பளித் துண்டு எல்லாவற்றையும் கழற்றினாள். பால் கொடுப்பதற்கு முந்திய எடை. பதினொன்றரை இறாத்தல்.

சாக்குக் கழிவைக் கழிக்காமல் நீங்கள் ஒரு மூட்டை மிளகு வாங்கி நான் பார்த்ததில்லை, நானா. யார் நிறுத்தது என்று நூருன்னிஸாவிடம் நான் கேட்கவில்லை.

தள்ளிப்போட்டிருப்பேன். ஆனால் கண் டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணின் பின்னால் நரம்பு வீங்கத் தொடங்கிவிட்டது, காத்திருந்தால் பார்வை போய்விடும் என்கிறார். ஆகவே நாளைக் காலை. பலகையில் கோட்டை அழித்து இன்னும் கீழே கீறியிருக்கிறேன்.

முடிந்ததும் தந்தி அடிப்பேன்.

துஆச் செய்யுங்கள்.
மக்கீன்


மாத்தளை
7.4.1965

மக்கீனுக்கு,

மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வரும்போது தந்தி வந்தது. 'பிள்ளை உயிரோடு. பாதி முடிந்தது. கடிதம் வரும்.' முதல் சொல்லுக்கு அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். அடுத்ததுக்கு என்ன சொல்ல?

பாதி என்றால் என்ன? மண்டையைத் திறந்துவிட்டுப் பாதியில் மூடுவதா? கோடு கீறினேன், கத்தி நிற்கும் என்று எழுதினாய். வேலை முடியாமல் நிற்கும் என்று எழுதினாயா? கலேவெலையிலிருந்து ஸமதின் உம்மா ஆள் அனுப்பிக் கேட்கிறார்கள். தந்தியைக் காட்டினேன். அந்த ஆள் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "மிச்சத்த யாரு செய்யிறது?" என்று என்னைக் கேட்கிறான். நானா டாக்டர்?

முடிக்கத் தெரியாதவன் கையில் கொடுத்தோமா என்று எனக்குள் ஓடுகிறது. எழுதக்கூடாததுதான். எழுதிவிட்டேன், அழிக்கமாட்டேன்.

பிள்ளை கண்ணைத் திறந்ததா? உம்மாவைத் தெரிந்ததா? அதை உடனே எழுது. பஸ்ஸில் ஏறிவிடுவேன் போலிருக்கிறது. இரண்டு தரம் சட்டையை மாட்டிக் கழற்றிவிட்டேன்.

லாபிர்


கொழும்பு
11.4.1965

நானாவுக்கு ஸலாம்.

ஹிதாயா கண்ணைத் திறந்தாள். நூருன்னிஸாவைக் கண்டதும் அழுதாள். பால் குடிக்கிறாள், கக்குவதில்லை. முதலில் இதை எழுதுகிறேன்.

புதன் காலை தொடங்கினோம். குறுக்கே ஓடும் மூட்டைப் பெரிய டாக்டர் சுத்தமாகப் பிரித்தார். கண்ணை நெருக்கியது அதுதான். இலட்சுமி எழுதிக்கொண்டே இருந்தாள், நான் ஏற்றிக்கொண்டே இருந்தேன், இரண்டும் சமமாகப் போயின. பிறகு அவர் நடு மூட்டுக்கு வந்தார். பலகையில் தொகை கோட்டுக்குக் கீழேதான் நின்றது. ஆனால் நெஞ்சில் வைத்த குழாய் வழியாக என் காதுக்குக் கேட்டுக்கொண்டிருந்த இதயச் சத்தம் தூரப்போவது போல மெலிந்தது. பாதத்தைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது.

"கொஞ்சம் பொறுங்கள்" என்றேன்.

"ஏன்? பலகையில்தான் இடம் இருக்கிறதே. பத்து நிமிஷம் விட்டால் முடித்துவிடுவேன்."

அவர் சொன்னது பொய்யில்லை. பலகையில் இடம் இருந்தது. அந்தப் பலகையை மாட்டினவனும் நான்தான்.

"கையை எடுங்கள், சேர். துணியை வைத்து அழுத்துங்கள். இத்தோடு நிறுத்தம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. நான் கண்ணை இறக்கவில்லை. அவர் கத்தியைத் தட்டில் போட்ட சத்தம் எல்லாருக்கும் கேட்டது. இலட்சுமியைப் பிள்ளையின் கழுத்தடி விரிப்பைத் தூக்கச் சொன்னேன். அடியில் தேங்கியிருந்தது. எந்தத் துணியிலும் ஒற்றாதது, யாரும் நிறுக்காதது, யார் கண்ணுக்கும் படாதது. வெந்நீரில் வைத்திருந்த போத்தலிலிருந்து ஊசிக்குழாயால் இழுத்துக் கையாலேயே தள்ளினேன். தள்ளத் தள்ளச் சத்தம் திரும்பி வந்தது. நடு எலும்பைத் தொடாமல் தோலைத் தைத்து மூடினோம்.

பாதி என்றது அதைத்தான். பார்வைக்கு ஆபத்து நீங்கிற்று. நடு மூட்டு அப்படியே இருக்கிறது. ஜூலையில் திரும்பவும் படுக்க வேண்டும்.

பெரிய டாக்டர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நேற்று வார்டுக்கு வந்து ஹிதாயாவின் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். போகும்போது, "மற்றப் பாதியை எனக்கு எப்போது தருவதாக உத்தேசம்?" என்று கேட்டார். பக்கத்திலிருந்த தாதி சிரித்துவிட்டாள்.

உங்களுடைய புதன்கிழமைக் கடிதமும் வந்தது. மறு தரம் யார் கையில் என்று வீட்டில் பேசி எழுதுங்கள். நாளை ஹஜ்ஜுப் பெருநாள். உங்கள் எல்லாருக்கும் வாழ்த்து.

மக்கீன்


மாத்தளை
2.5.1965

அன்புத் தம்பி மக்கீனுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

எல்லாரும் சுகம், ஹிதாயாவும் சேர்த்து. தலையில் கட்டோடு வந்து இறங்கினவளைப் பார்க்கத் தெருவே வந்தது. கண் உள்ளே போய்விட்டது. இராமசாமி ஒரு கராம்புக் கொத்தைக் கையில் கொடுத்தான். வாயில் வைத்துவிட்டு அவன் முகத்திலேயே துப்பினாள். "என் ரத்தம் இல்ல, மொதலாளி ரத்தம்தான் போயிருக்கு" என்கிறான். வாரா வாரம் நிறுக்கிறேன், உடம்பில் ஒரு நூல்கூட இல்லாமல்.

ஸமதின் உம்மா மறு தரத்துக்கு இந்தியாவுக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். பாதியில் நிறுத்தினவனிடம் யாராவது திரும்பக் கொடுப்பார்களா என்று கேட்டார்கள். நான் வேறு எவரிடமும் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பெரியவர் பத்து நிமிஷம் கேட்கும்போது, பலகையும் அவர் பக்கம் நிற்கும்போது, இல்லை என்று சொல்கிறவன் இன்னொருவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. ஜூலையில் நீதான். நூருன்னிஸாவும் ஸமதும் என்னோடு. அந்தப் புதன்கிழமைக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

இதோடு நிறுத்தியிருக்கலாம். மற்றதை எழுதாமல் விடலாமா என்று மூன்று நாளாய் யோசித்தேன்.

வியாழக்கிழமை கலேவெலைக்குப் போனேன். நல்ல செய்தி சொல்கிற ஆசை. கணபதி கடையில் அவரைக்காயை நிறுத்துக்கொண்டிருந்தான். பிள்ளை வந்துவிட்டாள் என்றேன். இரத்தம் அதிகம் போகிறதென்று கண்டு டாக்டர் நடுவிலேயே நிறுத்திவிட்டார், பாதி செய்து அனுப்பியிருக்கிறார், மிச்சம் பிறகு என்று பெருமையாய்ச் சொன்னேன்.

அவன் தராசைக் கையில் பிடித்தபடியே நின்றான்.

"நடுவுல நிறுத்தலாமா நானா?"

"என்ன?"

"இல்ல, நிறுத்தலாமான்னு கேட்டேன். பாதியில நிறுத்தி, தைச்சு, புள்ளய வூட்டுக்கு அனுப்பலாமா? அப்பிடியும் செய்யிறதா?"

அவன் மனைவி உள்ளேயிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் முகத்தையே பார்த்தாள். நீ விசாரித்திருந்தாய், அதனால் எழுதுகிறேன்: மெலிந்திருக்கிறாள்.

வாங்க வேண்டியதை வாங்காமல் பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். நான் போயிருக்கக்கூடாது, போனாலும் வாயை மூடியிருக்க வேண்டும். அவர்கள் கேட்டது என்னை இல்லை.

உன் நானா,
லாபிர்


கொழும்பு
7.5.1965

மதிப்புக்குரிய நானாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம்.

ஜூலைக்கு ஹிதாயாவின் பெயரைப் பதிந்துவிட்டேன்.

அடுத்த வாரம் சனிக்கிழமை விடுமுறை எடுத்திருக்கிறேன். குருநாகல் வழியாக நேரே கலேவெலையில் இறங்குவேன். நீங்கள் அங்கே வர வேண்டாம். நான் இன்னாருடைய தம்பி என்று அவர்களுக்கு இதுவரை சொல்லியிருக்காவிட்டால், சொல்லவும் வேண்டாம். அதையும் நானே சொல்கிறேன்.

அங்கிருந்து மாத்தளைக்கு வருவேன், இன்ஷா அல்லாஹ். சாப்பாட்டுக்குக் காத்திருக்க வேண்டாமென்று மதினியிடம் சொல்லுங்கள். அந்தக் கடை வாசலில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

தம்பி,
மக்கீன்